ஆத்தாவுக்கு இங்கிலீஷ் தெரியாது

மூன்றாவது பீரியடு இங்கிலீஷ். இரண்டாவது பீரியடு பாதியிலேயே எனக்கு உள்ளங்கை வேர்க்க ஆரம்பித்துவிடும். பாவாடையில் துடைப்பேன், மறுபடி வேர்க்கும். புதுக்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நாலாவது பாரம் படித்துக்கொண்டிருந்தேன். சமஸ்தான ஆட்சி போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. எனக்குப் பதினாலு வயது. எதற்கெடுத்தாலும் பயப்படுகிற வயது என்று சொல்லித் தப்பிக்க முடியாது, என் பெஞ்சில் இருந்த மற்ற மூன்று பேரும் என்னைப் போல நடுங்கவில்லை.

இங்கிலீஷ் டீச்சர் ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வெள்ளைப் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் மர ஸ்கேல். சின்ன வயதில் வந்துபோன நோவின் தழும்பு முகம் முழுக்க இருந்தது. பிள்ளைகள் அவருக்குச் சல்லடை என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். நான் அந்தப் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. நல்ல குணத்தால் இல்லை, அவர் காதில் விழுந்துவிடுமோ என்ற பயத்தால்.

அந்த வருஷம் 'ஃபிகர்ஸ் ஆஃப் ஸ்பீச்' என்ற அணி இலக்கணப் பகுதி வந்தது. மற்ற வகுப்பில் நோட்ஸ் கொடுத்தார்கள், பிள்ளைகள் உருப்போட்டார்கள், முடிந்தது. எங்கள் டீச்சர் அப்படி விடவில்லை. புத்தகத்து உதாரணத்தை ஒப்பித்தால் ஸ்கேல் விழும்.

"எல்லாம் நம்ம வீட்லயும் தெருவுலயும் பேசுறதுதான். மொதல்ல அதைத் தமிழ்ல சொல்லு. அப்பறம் இங்கிலீஷ்ல போடுவோம்" என்பார்.

இன்றைக்கு இதைக் கேட்பவர்கள் எவ்வளவு நல்ல டீச்சர் என்பார்கள். நாங்கள் உருப்போட விட்டால் போதும் என்று சாமி கும்பிட்டோம்.

சிமிலி நடத்திய அன்று அரிசி மண்டிக்காரர் மகள் எழுந்து, "எங்க சித்தப்பா கொறட்டை நெல்லு மிஷின் மாதிரி இருக்கும் டீச்சர்" என்றாள். மறுநாள் மெட்டஃபர். டீச்சர் அவளையே எழுப்பி, அந்த 'மாதிரி'யை எடுத்துவிட்டுச் சொல்லச் சொன்னார். "எங்க சித்தப்பா ஒரு நெல்லு மிஷின் டீச்சர்." வகுப்பே சிரித்தது, எனக்கும் மெட்டஃபர் என்றால் என்னவென்று அன்றைக்குப் புரிந்துபோனது. பெர்சானிஃபிகேஷனுக்கு என் பக்கத்தில் உட்காருகிறவள், "மத்தியானத்து வெயிலு எங்க வீட்டு ஓட்டு மேல ஏறி உக்காந்துக்கிட்டு எந்திரிக்கவே மாட்டேங்குது" என்று சொல்லி 'குட்' வாங்கினாள். நான்தான் எதற்கும் வாயைத் திறக்கவில்லை. மனசுக்குள் உதாரணம் இருக்கும், எழுந்து நின்றதும் போய்விடும். இரண்டு தடவை விரல் முட்டியில் வாங்கியிருந்தேன். "அடுத்த தடவை வாயைத் தெறக்கலைன்னா வகுப்புக்கு வெளியதான் நிப்ப" என்று எச்சரித்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது.

அவனுக்கு ஐந்து வயது. மேல நாலாம் வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது, நெற்றியில் இரண்டு புள்ளி தெரிந்தது. அம்மா அவன் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள், கையெடுத்துக் கும்பிட்டாள். "ஆத்தா வந்திருக்கா" என்றாள். அவள் குரலில் அழுகை இல்லை, மரியாதைதான் இருந்தது. வாசலுக்கு யாரோ பெரிய இடத்து விருந்தாளி வந்துவிட்ட மாதிரி மெதுவாகப் பேசினாள். மறுநாள் முகம், கை, கால் எல்லாம் வந்துவிட்டது. "முத்துப் போட்டிருக்கு" என்றாள்.

அதற்கு வைசூரி என்று ஒரு பேர் உண்டு, பெரியம்மை என்றும் சொல்வார்கள். இன்றைக்கு அது உலகத்திலேயே இல்லை, நான் தாராளமாக எழுதலாம். அன்றைக்கு எங்கள் வீட்டில் அந்தப் பேரை எடுக்கக் கூடாது. எடுத்தால் வந்தவளுக்குக் கோபம் வரும், குழந்தையைக் கையோடு கொண்டுபோய்விடுவாள். விராலிமலைப் பக்கம் அம்மா பிறந்த ஊரில் ஒருத்தி வாய்தவறிச் சொன்னாளாம், பொழுது இறங்குவதற்குள் பிள்ளை போய்விட்டதாம். அம்மா இதை என்னிடம் நாலு தடவை சொன்னாள். சொல்லும்போதும் அந்தப் பேரைச் சொல்லாமலேதான் சொன்னாள்.

தாளிக்கக் கூடாது, எண்ணெய் தேய்க்கக் கூடாது, தலை வாரக் கூடாது. இதெல்லாம் எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் வாசலில் வேப்பிலை செருகுவதும் எல்லா வீட்டிலும் உண்டு, நாங்கள் மட்டும் அதைச் செருகவில்லை. அம்மா வேப்பிலையை உள்ரூம் நிலையில் கட்டினாள், வாசலை வெறுமனே விட்டாள். வாசலில் இலையைப் பார்த்தால் சுகாதார ஆபீஸ்காரர்கள் வந்துவிடுவார்கள். வந்தால் தம்பியை ஊருக்கு வெளியே நோயாளிகளைத் தனியாக வைக்கிற கொட்டகைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அங்கே போன பிள்ளை திரும்பாது என்று சந்து முழுக்கப் பேச்சு. வீட்டுக்கு வந்த ஆத்தாவை வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே அனுப்பினால் அவள் சும்மா இருப்பாளா என்பது அம்மாவின் கேள்வி.

அப்பாவுக்கு வேறு பயம். அவர் தாலுகா ஆபீஸில் பியூன். அம்மை கண்டால் உடனே தெரிவிக்க வேண்டும், மறைத்தால் குற்றம் என்ற நோட்டீஸைப் போன மாசம்தான் பசை வாளியும் கையுமாகத் தெருத்தெருவாக ஒட்டிவிட்டு வந்திருந்தார். எங்கள் சந்து முனைச் சுவரிலும் அவர் ஒட்டிய நோட்டீஸ் இருந்தது. அதற்கு முன்னால், தடுப்புக்கு அம்மை குத்துகிறவர் வீடுவீடாக வந்தபோது அம்மா தம்பியைப் பெரிய அண்டாவுக்குள் உட்காரவைத்து மூடியதும் அவருக்குத் தெரியும். தம்பி அதை விளையாட்டென்று நினைத்து உள்ளேயே சிரித்துக்கொண்டிருந்தான். எனக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதே குத்தியாகிவிட்டது.

"நீ நிக்காமப் பள்ளிக்கூடம் போ. நீ போகலைன்னா யாராச்சும் கேப்பாக. யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது" என்றார் அப்பா. நான் தலையாட்டினேன். தம்பியின் உயிர் என் வாயில் இருக்கிறது என்று எனக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்தது. ஐந்து நாள் யாரிடமும் ஒரு வார்த்தை அதிகம் பேசாமல் போய்வந்தேன்.

ஆறாம் நாள் டீச்சர் யூஃபமிசம் நடத்தினார்.

பிடிக்காத விஷயத்தை, சொல்லக் கூசுகிற விஷயத்தை, நேராகச் சொல்லாமல் நல்ல வார்த்தையால் சொல்வது என்று விளக்கினார். கரும்பலகையில் நடுவே கோடு போட்டார். இடது பக்கம் நல்ல வார்த்தை, வலது பக்கம் நேர் வார்த்தை. "இதுக்குத் தமிழ்ல பஞ்சமே கிடையாது. ஆளுக்கு ஒண்ணு சொல்லணும். ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி சொல்லக் கூடாது" என்றார். முதல் பெஞ்சிலிருந்து வரிசையாக வந்தது. நான் நாலாவது பெஞ்சு.

முதலில் எழுந்தவள் செத்துப்போனதற்குக் காலமாகிவிட்டார் என்றாள். அடுத்தவள் போறேன் என்று சொல்லாமல் போய்ட்டு வாரேன் என்பதைச் சொன்னாள். விளக்கை அணை என்று சொல்லாமல் குளிர வை என்பது வந்தது. தாலிக்கயிறு அறுந்தால் பெருகிப்போச்சு என்பது வந்தது. அரிசிமண்டி மகள், "வீட்ல அரிசி தீந்துபோச்சுன்னா நெறைஞ்சிருக்குன்னு சொல்லுவோம் டீச்சர்" என்றாள். டீச்சருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது, பெரிய எழுத்தில் எழுதினார். நான் மனசில் எடுத்து வைத்ததையெல்லாம் எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொன்றாகக் காலிபண்ணிக்கொண்டே வந்தார்கள். கடைசியாக வைத்திருந்தது பாம்பு. பொழுது சாய்ந்தபிறகு பாம்பென்று சொல்லாமல் கயிறு என்பார்களே, அது. அதையும் என் பக்கத்தில் இருந்தவள் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

எழுந்து நின்றேன். மனசு துடைத்துவிட்ட பலகையாக இருந்தது.

"ம்" என்றார் டீச்சர். ஸ்கேலால் மேஜையில் ஒரு தட்டு.

ஆறு நாளாக நான் வீட்டில் கேட்டதெல்லாம் ஒரே பேச்சுதான். அதுதான் வந்தது. "ஆத்தா வந்திருக்கா. முத்துப் போட்டிருக்கு" என்று சொன்னேன்.

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பிறகு நாலைந்து பேர். எல்லாருடைய கண்ணும் டீச்சர் முகத்துக்குப் போனது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அவருடைய தழும்பைக் கேலி செய்கிறேன் என்று வகுப்பு நினைத்துவிட்டது. டீச்சரும் அப்படித்தான் நினைத்தார். அவர் முகம் காது வரை சிவந்துபோனது. வீட்டு ரகசியத்தைக் கொட்டிவிட்ட பயம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். எனக்கு அந்த இடத்திலேயே ஒன்றுக்கு வந்துவிடும் போலிருந்தது.

ஆனால் அவர் கத்தவில்லை. நான் சொன்னதை இடது பக்கம் எழுதினார். சாக்பீஸை என் பக்கம் நீட்டி, "இதோட நேர் வார்த்தை என்ன? சொல்லு" என்றார்.

நான் சாக்பீஸை வாங்கவில்லை.

"சொல்லத் தெரியாதா? எல்லாருக்கும் தெரிஞ்ச வார்த்தைதான. என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு."

"மாட்டேன் டீச்சர்."

அதற்கு முன்பும் பின்பும் நான் எந்த டீச்சரையும் எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. "பெஞ்சு மேல ஏறு" என்றார். ஏறினேன். அந்த உயரத்திலிருந்து கரும்பலகை நேராகத் தெரிந்தது. வலது பக்கம் எல்லா வரியிலும் எழுத்து, என் வரியில் மட்டும் வெறும் இடம். அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு பீரியடு முடிகிற வரை நின்றேன். பிடிக்காத விஷயத்தை நல்ல வார்த்தையால் சொல்வது என்று டீச்சர் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை. அம்மா அழகுக்காகவா முத்து என்றாள்? பயந்துதான் சொன்னாள். வகுப்பில் அத்தனை பேர் சொன்ன அத்தனை வார்த்தையும் அப்படித்தான், எதற்கோ பயந்து வந்தவைதான். புத்தகத்தில் அது மட்டும் போடவில்லை.

மணி அடித்தது. எல்லாரும் டிரில்லுக்கு வெளியே போனார்கள். டீச்சர் என் பெஞ்சு அருகே வந்தார், திட்டத்தான் வந்தார். வந்தவர் என் தலையைப் பார்த்தார். ஆறு நாளாக எண்ணெயும் சீப்பும் படாத தலை. பாவாடையில் வேப்பிலை வாசனை அடித்திருக்க வேண்டும். அவர் முகத்திலிருந்த கோபம் போய்விட்டது.

"எறங்கு" என்றார். "யாருக்கு?"

நான் பாவாடையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

"வீட்ல யாருக்கு வந்திருக்கு? நீ சொல்லலைன்னா நானே ஒங்க வீட்டுக்கு வாரேன்."

அவர் வீட்டுக்கு வந்தால் சந்தே பார்க்கும். சொல்லிவிட்டால் என்ன ஆகும், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கிற அளவுக்கு எனக்கு அப்போது மூளை வேலை செய்யவில்லை. ஒன்று மட்டும் தோன்றியது. வீட்டில் இருக்கிற ஆத்தாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. எந்தப் பூசாரியும் அவளிடம் இங்கிலீஷில் பேசியதில்லை.

"ஸ்மால்பாக்ஸ், டீச்சர்" என்றேன். "மை பிரதர்."

வருஷம் முழுவதிலும் நான் தடுமாறாமல் சொன்ன இங்கிலீஷ் அது ஒன்றுதான்.

டீச்சர் என் பெஞ்சில் யார் யார், அவர்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். எதற்குக் கேட்கிறார் என்று புரிந்தபோது எனக்குப் புதிதாக ஒரு பயம் வந்தது. ஆறு நாளும் நான் தம்பி படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, இங்கே வந்து ஒரே புத்தகத்தைப் பக்கத்தில் இருந்தவளோடு தோள் இடிக்கப் படித்திருந்தேன். இது எனக்கு அதுவரை தோன்றவேயில்லை.

"சொல்லிராதீங்க டீச்சர். தூக்கிட்டுப் போயிருவாக. எங்கப்பாவுக்கு வேலை போயிரும். கால்ல விழுகுறேன் டீச்சர்." விழுந்தேன்.

அவர் என்னைத் தூக்கவில்லை. ஒரு எட்டுப் பின்னால் போய் நின்றார். "எனக்கு வந்தப்ப எங்க வீட்லயும் யாரும் சொல்லல. எங்களுக்கு ஆத்தாவும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. இருந்தாலும் வாயைத் தெறக்கல. தெருவுல ஏழு புள்ளைக போச்சு" என்றார். ஸ்கேலை மேஜையில் வைத்துவிட்டுத் தலைமையாசிரியர் அறைக்கு நடந்தார். அவர் ஓடவில்லை, நான்தான் பின்னாலேயே ஓடினேன், அப்படியும் அவரை எட்ட முடியவில்லை.

மத்தியானம் மூன்று மணிக்கு வண்டி வந்தது. பள்ளிக்கூடத்தில் என்னை அப்போதே அனுப்பிவிட்டார்கள், வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தேன், அம்மாவிடம் நடந்ததைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. காக்கி அரைக்கால்சட்டை போட்ட இருவரும் இன்ஸ்பெக்டரும் வாசலில் நின்றார்கள். "தகவல் வந்திருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். மரியாதையாகத்தான் பேசினார். அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள், பிறகு கும்பிட்டாள். ஒருத்தர் கூட இருக்கலாம் என்று சொன்னதும் வேப்பிலைக் கொத்தை எடுத்துக்கொண்டு தானே வண்டியில் ஏறினாள். தம்பியை அவன் படுத்திருந்த வாழையிலையோடு தூக்கிவந்து படுக்க வைத்தார்கள். அவனுக்குக் கண் திறக்கவில்லை. "எங்கிட்டும்மா போறோம்?" என்று கேட்டான். "திருவிழாவுக்குடா" என்றாள் அம்மா.

எதிர் வீட்டுக்காரி தன் சின்னக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தபடி நின்றாள்.

ஐந்தாம் நாள் அம்மா தம்பி இல்லாமல் திரும்பி வந்தாள். அப்பாவோடு நடந்து வந்தாள், யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வீட்டில் வைத்திருந்தாலும் அவன் பிழைத்திருக்க மாட்டான், நோய் உள்ளுக்குள் இறங்கிவிட்டது என்று பிற்பாடு ஒரு டாக்டர் எனக்கு விளக்கமாகச் சொன்னார். நான் நம்புகிறேன். எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் அன்றைக்கே அம்மை குத்தினார்கள், ஒருத்திக்கும் ஒன்றும் வரவில்லை. அதுவும் எனக்குத் தெரியும். அப்பாவிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள், வேலை போகவில்லை. டீச்சர் அந்த வருஷம் முழுக்க என்னை எழுப்பிக் கேள்வியே கேட்கவில்லை. ஸ்கேலால் நாலு அடி கொடுத்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

தகவல் சொன்னது யாரென்று அம்மாவுக்குத் தெரியாது. எதிர் வீட்டுக்காரிதான் என்று முடிவு கட்டிவிட்டாள். பேச்சை நிறுத்தினாள், அவள் கொடுத்தனுப்பிய சோற்றை நாய்க்குப் போட்டாள். வெள்ளிக்கிழமைதோறும் என்னைக் கூட்டிக்கொண்டு அம்மன் கோயிலுக்குப் போவாள். கும்பிட்டு முடித்ததும் வெளியே வந்து, இரண்டு கையாலும் மண்ணை வாரித் தூற்றுவாள். "எந்த நாக்கு என் புள்ளையக் காட்டிக் குடுத்துச்சோ, அந்த நாக்கு அழுகி விழுகணும் ஆத்தா" என்பாள். நான் பக்கத்தில் கைகூப்பி நிற்பேன். மண் என் கால் மேலும் விழும். வாய்க்குள் நாக்கை மடித்து வைத்துக்கொள்வேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அவள் அதோடு நிறுத்தவில்லை. "என் புள்ளைக்கு வந்தது அவ இடுப்புல இருக்குற புள்ளைக்கும் வரட்டும்" என்றாள். சொல்லிவிட்டு மறுபடி மண்ணை வாரக் குனிந்தாள்.

எனக்கு அந்தக் குழந்தையைத் தெரியும். என்னைப் பார்த்தால் தாவும். அம்மாவின் கையைப் பிடித்தேன்.

"அவுக இல்லம்மா. நான்தான் சொன்னேன். பள்ளிக்கூடத்துல, டீச்சர்கிட்ட."

அம்மா குனிந்தபடியே என்னைப் பார்த்தாள். அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கையிலிருந்த மண் விழுகிற சத்தம் கேட்டது. "அப்பாகிட்ட சொல்லிராத" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துத் தரதரவென்று கோயிலுக்குள் திரும்ப இழுத்துக்கொண்டு போனாள். தரையில் விழுந்து, "தெரியாமச் சொல்லிப்புட்டேன், தெரியாமச் சொல்லிப்புட்டேன்" என்று நெற்றியை முட்டிக்கொண்டாள். அவள் அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை, வண்டி வந்த அன்றைக்குக்கூட.

மறுநாள் விடிந்ததும், நான் பல் விளக்கிவிட்டு வந்தபோது, அம்மா என்னை முற்றத்து வெளிச்சத்தில் நிறுத்தி மோவாயைப் பிடித்தாள்.

"நாக்கை நீட்டு" என்றாள்.

எனக்குக் கல்யாணமாகி அந்த வீட்டை விட்டுப் போகிற வரைக்கும் ஒரு நாள் தவறாமல் பார்த்தாள்.